மாமூல் பாதை

அக்டோபர் 2, புதன்

இது அவருடைய டைரி. உரக்கடையில் வருசா வருசம் கொடுப்பது. ஆகஸ்டு 16 வரைக்கும் எழுதியிருக்கிறார். 17, 18 ஆஸ்பத்திரி. 19 விடியும்போது ஆள் இல்லை. அதற்கப்புறம் எல்லாம் வெள்ளைத் தாள். நான் தையல்காரி, வெட்டி விழுந்த துண்டுத் துணியையே தூக்கிப் போட மனசு வராது. அதனால் இனிமேல் இதில் நான் எழுதுகிறேன்.

அவர் என்றால் குணசீலன். மருதங்காவெளி தெற்குத்தெரு குணசீலன் என்றால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் தெரியும். இருபத்திரண்டு வருசம் மனு எழுதியவர். டீக்கடையில் எங்களுக்கென்று வைத்திருந்த தனி கிளாஸை ஒழித்தது அவர். ரேஷன் கடையில் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பது அவரால். ஒன்று மட்டும் முடியவில்லை. எங்கள் தெருப் பிணம் தார் ரோட்டில் போகக் கூடாது. உயிரோடு போகலாம். பஸ் பிடிக்க, பள்ளிக்கூடம் போக, ஊர்த்தெருவின் நடுவே போகும் அந்த ரோடுதான் எங்களுக்கும். செத்துப் போனால் மட்டும் வாய்க்கால் கரையில் நடந்து, தண்ணீரில் இறங்கி ஏறி, வரப்பு வழியாகச் சுடுகாடு போக வேண்டும்.

இன்று கிராமசபை. போய் எழுந்து நின்று கேட்டேன். தலைவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "அது தாலுகா ஆபீஸ்ல முடிஞ்ச விஷயம்மா" என்றார். எங்கள் தெரு நாட்டாண்மை வீராசாமி வரும் வழியில் என்னை நிறுத்தி, "தாலி எறக்கி ரெண்டு மாசம் ஆவல, சபைக்கு வர்றியே தவமணி, இதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்க மாட்டமா?" என்றார். இருபத்திரண்டு வருசமாக எந்த ஆம்பளை பார்த்தார் என்று கேட்க வாய் வரை வந்தது. வெயில் அதிகமாக இருந்ததால் கேட்கவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

அவரை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று எழுதி வைக்க வேண்டும்.

அன்று தெருவே ரோட்டு வழியாகத்தான் தூக்குவோம் என்று நின்றது. தெருமுனையில் ரோடு திரும்பும் முக்கூட்டில் போலீஸ் நின்றது. ஊர்த்தெரு ஆட்களும் நின்றார்கள், முன்னால் பண்ணை வீட்டு சந்தானம். யாரும் கத்தவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "இதப் பாருங்க, அமைதிப் பேச்சுவார்த்தை ஒப்பந்தம். மாமூல் பாதை வழியா எடுத்துட்டுப் போறதா உங்க தலைவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. இவருதானே?" என்று பாடையைக் காட்டினார்.

அவருடைய கையெழுத்துதான். கு என்ற எழுத்தில் சுழி பெரிதாக வரும். பாடையைத் திருப்பினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம், அங்கிருந்து பார்த்தால் வயல்வெளி முழுக்கத் தெரியும். மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. இறங்கும்போது முன்னால் பிடித்தவன் வழுக்கினான். பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் கால் இரண்டும் தண்ணீரில் நனைந்ததைப் பார்த்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன். ஒப்பந்தத்தில் 'மாமூல் பாதை' என்று இருப்பதை 'தார்ச்சாலை' என்று மாற்ற வேண்டும். ஒரே ஒரு சொல். வரிசையில் என் பின்னால் நின்றவர் மூன்றாம் தடவையாகப் பட்டாவுக்கு வந்திருக்கிறாராம், எனக்கு ஆறுதல் சொன்னார்.

வந்ததும் நாலு பிளவுஸ் வெட்டினேன். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

அக்டோபர் 9, புதன்

செங்கமலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்து வீடு. இரண்டு பேரும் ஒரே ஆவணியில் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். அவளுக்குக் கர்ப்பப்பையில் வந்தது இப்போது எங்கெங்கோ போய்விட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், அவள் புருசன் பக்கிரிசாமிக்கும் தெரியும். மகள் நித்யகலாவுக்குத்தான் இன்னும் தெரியாததுபோல் இருக்கிறது. தினமும் மாதுளம்பழம் உரிக்கிறாள்.

மனு விஷயம் சொன்னேன்.

"மாமூல்னா போலீஸ்காரனுக்குக் குடுக்குறதுல்லக்கா?" என்றாள்.

"அதுவும் மாமூல்தான். வழக்கமா நடக்குறதெல்லாம் மாமூல்."

"அப்ப அண்ணன் ஏன் அப்புடி எளுதுனாரு? நமக்கு மாமூலு ரோடு, அவுங்களுக்கு மாமூலு வாய்க்கா. ஆளுக்கு ஒரு மாமூலு."

அதுதான் எனக்கும் புரியவில்லை. ஒரு மனுவை ஏழு தடவை அடித்து எழுதுகிற மனிதர். 'மேற்படி' என்று போடலாமா 'மேற்கண்ட' என்று போடலாமா என்று என்னைக் கேட்டு உயிரை வாங்குவார். அவர் எப்படி இந்தச் சொல்லை விட்டார்?

கிளம்பும்போது செங்கமலம் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னையாவது ரோட்டு வளியா தூக்கிட்டுப் போங்கக்கா. தண்ணின்னா எனக்குச் சின்னதுலேருந்தே பயம்."

வாயை மூடு என்று திட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மிஷினுக்குச் சந்தனம் வைத்தேன். அவர் இருந்தால் மிஷினைக் கும்பிடுவதற்கு ஒரு பிரசங்கம் கேட்டிருப்பேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

தாலுகா ஆபீஸில் ஒப்பந்தத்தின் நகல் கொடுத்தார்கள். நாலு பக்கம். தேதி 12.7.2011.

தேதியைப் பார்த்தேன். சரி. ஹூக் வைக்க வேண்டியது பதினொன்று பாக்கி இருக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

2011 ஜூலையில் ஐயாக்கண்ணுப் பெரியப்பா இறந்தபோது ரோட்டு வழியாகப் போக முயன்றோம். தள்ளுமுள்ளு ஆனது. எங்கள் தெருவில் பதினாலு பேரைப் பிடித்தார்கள், பக்கிரிசாமி உட்பட. பெண்களில் நான் ஒருத்திதான். நான்தான் முக்கூட்டில் ரோட்டில் படுத்தவள். அவர் அன்று மதுரைக்குப் போயிருந்ததால் தப்பினார்.

எட்டு நாள் உள்ளே இருந்தேன். எனக்கு வீசிங் உண்டு. இன்ஹேலரை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைசி மூன்று நாள் படுக்க முடியாது, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். ஜூலை 13 ஜாமீன் கிடைத்தது. எனக்கு மட்டும். மற்றவர்கள் வர இன்னும் பதினைந்து நாள் ஆனது. பெண் என்பதாலும் உடம்பு முடியாததாலும் ஜட்ஜ் இரக்கப்பட்டார் என்று அவர் சொன்னார். மகளிர் தினக் கூட்டங்களில் இந்தக் கதையை நான் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். கை தட்டுவார்கள். "உள்ளே போனோம், பணியவில்லை, வெளியே வந்தோம்" என்று முடிப்பேன்.

அக்டோபர் 19, சனி

பெட்டியில் லைனிங் துணி தேடினேன். அவருடைய பழைய டைரிகள் அடியில் இருந்தன. 2011 கையில் வந்தது. தேடி எடுக்கவில்லை.

அவர் எல்லா நாளும் எழுதுவார். மழை பெய்தால் மழை என்று எழுதுவார். ஆடு தொலைந்தால் ஆடு. ஜூலை 12 பக்கம் வெறுமையாக இருக்கிறது. 13இல் ஒரு வரி: 'மணி வீட்டுக்கு வந்தாள்.'

லைனிங் துணி கிடைக்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

ஊர்த்தெருவில் இருந்து வேலைக்காரி வந்து, அங்கிருந்து தைக்கக் கொடுத்திருந்த ஆறு பிளவுஸ் துணியையும் திருப்பிக் கேட்டாள். மூன்று வெட்டியாகிவிட்டது. "வெட்டினதயும் குடுத்துடச் சொன்னாங்க" என்றாள் பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு. சந்தானம் வீட்டம்மாவின் பட்டுத் துணியும் அதில் இருந்தது. மடித்துக் கொடுத்தேன்.

அந்தத் தெருப் பெண்கள் எல்லாருடைய அளவும் என் நோட்டில் இருக்கிறது. யாருக்கு இடது தோள் இறக்கம், யார் பிள்ளை பெற்றபின் பருத்தாள், எனக்குத் தெரியும். இருபது வருசமாக நான் தொட்டுத் தைத்த துணிதான் அவர்கள் உடம்பில் ஒட்டிக் கிடக்கிறது. எங்கள் தெருப் பிணம் அவர்கள் வாசல் வழியாக ஒரு தடவை போனால் மட்டும் தெரு கெட்டுவிடும். எழுத எழுத எரிச்சலாக வருகிறது. நிறுத்துகிறேன்.

அக்டோபர் 25, வெள்ளி

செங்கமலம் கூப்பிட்டு அனுப்பினாள். கையில் ஒரு நீலப் பூப்போட்ட துணி. "ஒரு ஜாக்கெட்டு தச்சுக் குடுங்கக்கா. இருக்குறதெல்லாம் தொளதொளன்னு இருக்கு. போவும்போது அசிங்கமா இருக்கக் கூடாது."

அளவு எடுத்தேன். முப்பத்தெட்டு இருந்தவள் இருபத்தொன்பது. டேப்பை இறுக்கினால் வலிக்குமோ என்று தளர்த்திப் பிடித்தேன். "நல்லா இறுக்கிப் புடிங்க, அப்புறம் அளவு தப்பிப்போச்சும்பீங்க" என்றாள். சிரித்தாள். எனக்குக் கண் மறைத்தது.

"ரோட்டு வளிதானக்கா?"

"ரோட்டு வழிதான்டீ."

சொல்லிவிட்டேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

என் மனுவுக்காகத் தாலுகா ஆபீஸில் அமைதிக் கூட்டம். தாசில்தார் ஒரு அம்மா, என்னைவிடச் சின்னவர், கண்ணுக்குக் கீழே கறுத்து, தூங்கி நாளான முகம். அந்தப் பக்கம் சந்தானமும் நாலு பேரும். இந்தப் பக்கம் நான், வீராசாமி, பக்கிரிசாமி.

சந்தானம் நல்லவிதமாகத்தான் பேசினார். அவர் எப்போதும் அப்படித்தான். "குணசீலன் வெவரமான ஆளுங்க மேடம். சட்டம் தெரிஞ்ச ஆளு. அவரே யோசிச்சு ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தத இப்ப அவரு சம்சாரமே தப்புன்னு சொன்னா, செத்தவருக்கு என்னா மரியாத? நீயே சொல்லு தவமணி."

தாசில்தார் என்னைப் பார்த்தார். "உங்க கணவர் சுயமா போட்ட கையெழுத்துதானேம்மா?"

வீராசாமி முந்திக்கொண்டு, "எங்க தலைவரு எதையும் யோசிக்காம செய்ய மாட்டாருங்க" என்றார். பெருமையாகச் சொன்னார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் மாற்ற முடியும் என்று எழுதி முடித்துவிட்டார்கள். பக்கிரிசாமி பஸ்ஸில் வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

சொல்லியிருக்கலாம். தெருமுனையில் அவர் படம் போட்ட தட்டி இன்னும் நிற்கிறது. 'விலைபோகாத போராளி' என்று எழுதியிருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் தண்ணீருக்குப் போகிறேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அவர் இல்லாத முதல் வருசம், எதுவும் செய்யவில்லை. நித்யகலா இரண்டு அதிரசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 3, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

12ஆம் தேதி அவர் கையெழுத்துப் போட்டார். 13ஆம் தேதி நான் வெளியே வந்தேன். ஜட்ஜ் இரக்கப்படவில்லை. என் மூச்சுக்குப் பதிலாக அவர் ரோட்டைக் கொடுத்துவிட்டார். பதிமூன்று வருசம் ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டும் எனக்குச் சொல்லவில்லை. நான் மேடையேறி "பணியவில்லை" என்று சொல்லும்போதெல்லாம் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார்.

கோபமாக வருகிறது. எதிரில் இருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். எதிரில் இருந்தால் கேட்டிருக்க மாட்டேன் என்றும் தெரிகிறது.

நவம்பர் 6, புதன்

மூன்று நாளாக மழை. வாய்க்கால் கரை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. மிஷின் பெல்ட் ஈரத்தில் வழுக்குகிறது.

நவம்பர் 8, வெள்ளி

காலை ஏழு மணிக்குச் செங்கமலம் போய்விட்டாள். தண்ணீர் கேட்டாள், நித்யகலா ஸ்பூனில் கொடுத்தாள், இரண்டாவது ஸ்பூன் உள்ளே இறங்கவில்லை. நான்தான் குளிப்பாட்டினேன். நீலப் பூப்போட்ட ஜாக்கெட் சரியாக இருந்தது.

பத்து மணிக்கு முக்கூட்டில் போலீஸ் வந்துவிட்டது. கூடவே அந்தத் தாளும். ரோட்டு வழியாகத்தான் எடுப்போம், இல்லையென்றால் எடுக்கவே மாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஃப்ரீசர் பெட்டி வரவழைத்தோம்.

நவம்பர் 9, சனி

பெட்டி இரைந்துகொண்டே இருக்கிறது. கரண்டு போய்ப் போய் வருகிறது. ஒவ்வொரு தடவை போகும்போதும் நித்யகலா பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்க்கிறாள், குளிர்ச்சி இருக்கிறதா என்று. இருபது வயதுப் பெண். அம்மா முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து அவள் முகமும் அப்படியே ஆகிவருகிறது.

மதியம் தாசில்தார் வந்தார். வாய்க்காலில் கழுத்தளவு ஓடுவதைப் பார்த்துவிட்டு, லாரியில் பலகை கொண்டுவந்து தற்காலிகப் பாலம் போட்டுத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். வீராசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொணத்த வச்சுக்கிட்டுப் பிடிவாதம் பண்ணாத தவமணி. ஒன் வூட்டுப் பொணம்னா இப்புடி வச்சிருப்பியா?" என்றார்.

என் வீட்டுப் பிணத்தை வைத்திருக்கவில்லை. தண்ணீரில்தான் அனுப்பினேன். அவர் கேட்டதில் தப்பு இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பெட்டி நின்றுவிட்டது. ஜெனரேட்டர் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் நித்யகலா என் காலில் விழுந்துவிட்டாள். "பெரியம்மா, அம்மாவ அனுப்பிருவோம். எந்த வளியா இருந்தா என்னா, என்னால பாக்க முடியல" என்றாள். அவளைத் தூக்க முடியவில்லை. எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இரண்டு தடவை இன்ஹேலர் அடித்தேன்.

அப்போதுதான் அவர் அன்று எந்த இடத்தில் நின்றார் என்று தெரிந்தது. ஒரு பக்கம் சொல். ஒரு பக்கம் ஒரு ஆளின் உடம்பு. அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். நானும் கிட்டத்தட்டத் திரும்பிவிட்டேன். பாலமே போடச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. தெரு முழுக்கப் பந்தலில் இருந்தது. எழுந்து நின்று சொன்னேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. அந்தத் தாள்ல மாமூல் பாதைன்னு இருக்குறது தெரியாம விழுந்த வார்த்தை இல்ல. தெரிஞ்சேதான் போட்டாரு. நான் உள்ள மூச்சு விட முடியாம கெடந்தேன். என்னைய வெளிய எடுக்குறதுக்காகக் கையெழுத்துப் போட்டாரு. மறுநாளு நான் வந்தேன். நீங்க பதிமூணு பேரும் பதினஞ்சு நாளு கழிச்சு வந்தீங்க. செங்கமலம் இப்புடிக் கெடக்குறதுக்கு நாந்தான் காரணம். அவரு செஞ்சது தப்பு."

இருபத்திரண்டு வருசத்தில் அவரைப் பற்றி வெளியில் நான் சொன்ன முதல் குறை.

பக்கிரிசாமி பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்காமலே பேசினார்.

"எனக்குத் தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"பதினோராந் தேதி அண்ணன் ஜெயிலுக்கு மனுப் போட்டு என்னயப் பாக்க வந்தாரு. கம்பிக்கு அந்தாண்ட நின்னுகிட்டு அழுதாரு. மணி செத்துரும்டா, ஆனா ரோட்ட வுட்டுக் குடுக்கச் சொல்றாங்க, உள்ள இருக்குறவன் நீ, நீ சொல்லுன்னாரு. நாந்தான் போடுங்கண்ணேன்னு சொன்னேன். அண்ணி உசுர வுட ரோடு பெருசான்னு கேட்டேன்." பெட்டிப் பக்கம் திரும்பினார். "யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அன்னிக்குப் போடச் சொன்னவன் நான். இன்னிக்கு வுட்டுக் குடுக்காதீங்கங்குறதும் நாந்தான். ஏ நித்யா, எந்திரி. அம்மா இருப்பா. இன்னும் ஒரு நாளு இருப்பா."

நான் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அவர் இறந்த அன்றுகூட அப்படி அழவில்லை.

பிறகு வீராசாமி போய் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்த்தார்.

நவம்பர் 11, திங்கள்

பதினொரு மணிக்குத் தாசில்தார் அம்மா வந்தார். மேலிடத்திலிருந்து நெருக்கியிருப்பார்கள் போல, பேப்பரிலும் வந்துவிட்டது. கையில் புதுத் தாள். சந்தானம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். படித்தேன். 'இறந்தவர்களின் உடலைத் தார்ச்சாலை வழியாக எடுத்துச் செல்ல ஊர்த்தெருவினர் சம்மதிக்கின்றனர்.'

நான் ஒரு மாதமாக நடந்து கேட்ட அதே சொல். தார்ச்சாலை. மாமூல் போய்விட்டது.

"நீங்க கேட்டதத்தான் எழுதியிருக்கேன். கையெழுத்துப் போட்டுட்டு எடுங்கம்மா" என்றார் தாசில்தார். அவர் கண்ணில் நிஜமாகவே சந்தோஷம் தெரிந்தது. பேனாவை நீட்டினார்.

வாங்கிவிட்டேன். மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். அப்புறம்தான் கடைசி வார்த்தை கண்ணில் பட்டது. தைத்து முடித்துத் திருப்பிப் பார்க்கும்போதுதான் தையல் எங்கே கோணியது என்று தெரியும்.

"சம்மதிக்கின்றனர்னு போட்டிருக்கே மேடம்."

"ஆமா, சம்மதிச்சுட்டாங்க. அதான் கையெழுத்து."

"நாளைக்கிச் சம்மதம் இல்லன்னா?"

அவர் சந்தானத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த ரோட்டுல இவுங்க வூட்டு காரு போவுது. டிராக்டரு போவுது. சாமி போவுது, பொணம் போவுது. அதுக்கெல்லாம் நாங்க எப்ப சம்மதிச்சோம்? எங்ககிட்ட வந்து யாரு கையெழுத்து வாங்குனா?" என்றேன். "சர்க்காரு ரோடு மேடம். இதுல நடக்குறதுக்கு யாரு சம்மதமும் வேணாம். ஒத்துக்கிட்டாங்கன்னு ஒரு தாளுல நான் கையெழுத்துப் போட்டா, ஒத்துக்காம இருக்கவும் அவுங்களுக்கு உரிமை இருக்குன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. என் புருசன் சொல்லுல தப்புப் பண்ணுனாருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். சொல்லு இல்ல. தாளே தப்பு."

சந்தானம், "பாத்தீங்களா மேடம், எறங்கி வந்தாலும்..." என்று ஆரம்பித்தார். நான் பேனாவை மூடித் தாசில்தார் கையில் கொடுத்தேன். கூடவே பழைய ஒப்பந்தத்தின் நகலையும் கொடுத்தேன்.

அந்த அம்மா இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். அப்புறம் இரண்டையும் மடித்து ஃபைலுக்குள் வைத்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம், "வழிய விடச் சொல்லுங்க. பொது ரோடு. மறிக்கிறவங்க மேல கேஸ் போடுங்க" என்றார்.

தூக்கினோம். முக்கூட்டில் வீராசாமி பழக்கத்தில், "பொம்பளைங்கல்லாம் இங்கனயே நின்னுக்கங்க" என்றார். நித்யகலா அவரைத் தாண்டிப் போனாள். நான் போனேன். பின்னால் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, எங்களுக்குப் பின்னால் வந்தார்.

ஊர்த்தெருவில் கதவெல்லாம் சாத்தியிருந்தது. ஒரு வீட்டு மாடியில் ஒரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அளவெடுத்த பெண்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், உள்ளே போகவில்லை. பக்கிரிசாமி முன்னால் இடது பக்கம் பிடித்திருந்தார். ரோடு சமமாக இருந்ததால் பாடை ஆடவே இல்லை. யாரும் கோஷம் போடவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

நவம்பர் 12, செவ்வாய்

நேற்று எழுத விட்டுப்போனது ஒன்று இருக்கிறது.

செங்கமலத்துக்குக் கொள்ளி வைத்ததும் எல்லாரும் கிளம்பினார்கள். நான் கொஞ்சம் தள்ளி, அவரை வைத்த இடத்துக்குப் போனேன். பெண்கள் அங்கே போவதில்லை என்பதால் அதற்கு முன் பார்த்ததில்லை. மழையில் புல் முளைத்துக் கிடந்தது. நின்றுகொண்டே பேசினேன். "நீங்க போட்டது தப்புங்க. எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டேன். எங்கிட்ட மறச்சது அதவிடத் தப்பு. ஆனா அன்னிக்கி நீங்க உள்ளயும் நான் வெளியவும் இருந்திருந்தா, நானும் போட்டிருப்பேன்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல இருந்தது.

வாய்க்கால் வழியாக அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க அன்று ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. நேற்று முக்கூட்டில் தூக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன், சுடுகாட்டில் இறக்கும்போதும் பார்த்தேன்.

பதினாலு நிமிடம்.